ஏழாம் அத்தியாயம்: வீட்டார் கூடிப் புதிர் அவிழ்த்தல்

ஆவணி மாதத்தில் மூலத் திருவிழா நடைபெறும் நாட்களில், மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் சொக்கநாதப் பெருமான் நிகழ்த்திய திருவிளையாடல்களை நாளுக்கொன்றாக அலங்காரம் செய்து காட்டுவது நெடுங்கால வழக்கம். அவற்றுள் தருமி என்னும் ஏழைக்குப் பொற்கிழி அளித்த லீலையும் ஒன்று. பெண்களின் கூந்தலுக்கு மணம் இயற்கையிலேயே உண்டா, பூவினாலும் பூச்சினாலும் வருவதா என்று பாண்டியன் மனத்தில் ஓர் ஐயம் எழுந்ததும், தன் உள்ளக் கருத்தை அறிந்து பாடுவோர்க்கென்று ஆயிரம் பொன் முடிந்த கிழியை அவன் சங்க மண்டபத்தில் தொங்கவிட்டதும், ஆலவாய் இறைவன் எழுதிக் கொடுத்த பாட்டைத் தருமி ஏந்தி வந்ததும் மதுரைக் குழந்தைகளுக்கு யாரும் சொல்லித் தரவேண்டிய கதைகள் அல்ல. அரசன் மகிழ்ந்தான்; கிழி கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது; அந்த நேரத்தில் நக்கீரர் எழுந்து பொருளில் குற்றம் உண்டென்று சொன்னபோது, தருமியின் வாயிலிருந்து மறுமொழியாக ஒரு சொல்லும் வரவில்லை. அவன் கொண்டுவந்தது சரியான விடைதான்; ஆயினும் அந்த விடைக்குப் போகும் பாதையில் அவன் ஓர் அடியேனும் நடந்தவன் அல்லன்.

வீட்டில் எல்லோரும் கூடியமர்ந்து புதிர் அவிழ்ப்பதால் விளையும் நன்மைகளைப் பேச எடுத்துக்கொண்ட இவ்வத்தியாயத்துக்கு, அந்தத் தருமியின் மௌனத்தைக் காட்டிலும் பொருத்தமான தொடக்கம் எனக்குத் தெரியவில்லை. புத்தி கூர்மையாகும், ஞாபகசக்தி வளரும், பொழுது நல்லபடியாகப் போகும் என்றெல்லாம் பலரும் சொல்லக் கேட்டிருக்கிறோம். அவை மெய்யே. ஆனால் என் அபிப்பிராயத்தில் இவை அனைத்துக்கும் முன்னே வைக்கத் தக்க ஒரு பிரயோஜனம் உண்டு. விடை தெரிந்த ஒருவர், அது நாக்கின் நுனியில் வந்து நிற்கும்போதும் அதை அடக்கிக்கொண்டு, தெரியாத இன்னொருவர் தாமாகவே அதைக் கண்டடையும்வரை பொறுத்திருக்கக் கற்றுக்கொள்கிறார். தெரியாதவரோ, தெரியவில்லை என்று வெட்கப்படாமல், சரியான கேள்வியைக் கேட்கக் கற்றுக்கொள்கிறார். இவ்விரண்டு பழக்கங்களும் பள்ளிக்கூடத்தில் கிடைப்பது அரிது. அங்கே முதலில் கையைத் தூக்குபவனுக்கே மதிப்பு. வீட்டில்தான் அதற்கு அவகாசம் உண்டு.

இதை ஒரு காட்சியால் விளக்குகிறேன். எனக்குப் பழக்கமான ஒரு வீட்டில், சோழவந்தான் பக்கத்துக் கிராமத்திலிருந்து மகன் வீட்டுக்கு வந்து தங்கிவிட்ட ஒரு பாட்டி இருக்கிறார். பேரப் பிள்ளைகளுக்கு அவர் அப்பத்தா. ஒரு சித்திரை மாதத்து மாலையில், உள்ளே புழுக்கம் தாங்காமல் எல்லோரும் வாசலுக்கு வந்துவிட்டார்கள். மருமகள் மடியில் உதிரி மல்லிகையைப் போட்டுக்கொண்டு வாழைநாரில் தொடுத்துக்கொண்டிருந்தாள். அப்பத்தா யாரையும் பார்க்காமல், தெருவைப் பார்த்தபடியே தொடங்கினார்:

“நிறுத்து வாங்குனா ஒருத்தி, முழம் போட்டு வித்தா ஒருத்தி, முடிஞ்சு வச்சவ விடிஞ்சதும் எறிஞ்சுட்டா. அது என்ன?”

மூன்றாம் வகுப்புப் படிக்கும் பேரன் உடனே, “துணியா அப்பத்தா?” என்றான்.

“துணிய எவடா தராசுல நிறுத்து வாங்குவா?”

“அப்ப கயிறு!”

“கயித்த ஏன்டா எறியணும்? வீட்டுல கெடந்தா ஒரு வேலைக்கு ஆகுமே.”

அவனுடைய அக்காள், எட்டாம் வகுப்புக்காரி, தாயின் விரல்களைப் பார்த்தாள், அவள் முகம் மலர்ந்தது, வாய் திறந்தது. அப்பத்தா அவள் பக்கம் திரும்பாமலே சுட்டுவிரலை மட்டும் சற்றே உயர்த்தினார். அவள் வாயை மூடிக்கொண்டாள். தாய் தலையைக் குனிந்துகொண்டு, சிரிப்பை அடக்கியபடி தொடுத்துக்கொண்டே இருந்தாள். பையன் சிறிது நேரம் யோசித்துவிட்டு, “எறியணும்னா அது கெட்டுப்போயிருமா அப்பத்தா?” என்று கேட்டான்.

“அப்படிக் கேளு! கெட்டுப்போகாது. வாடிப்போகும்.”

அவ்வளவுதான், அவன் தாயின் மடியைப் பார்த்துக் கூவிவிட்டான்.

மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் கிலோக் கணக்கில் வாங்கி, தெருமுனையில் முழக்கணக்கில் விற்கும் மதுரை மல்லிகை 2013-இல் புவிசார் குறியீடு பெற்றது என்ற செய்தியைப் பிற்பாடு அவன் பாடப் புத்தகத்தில் படிக்கலாம். ஆனால் அந்த மல்லிகை எடையாக வந்து அளவாகப் போகிறது என்பதை, தினமும் கண்ணெதிரே கண்டும் கவனியாதிருந்த ஒன்றை, அன்று மாலையில்தான் அவன் முதன்முதலாகப் பார்த்தான். இந்தச் சிறு நிகழ்ச்சியில் வாசகர் கவனிக்க வேண்டிய அம்சங்கள் பல. அப்பத்தா பிழையான விடையை ‘இல்லை’ என்று தள்ளிவிடவில்லை. அது ஏன் பொருந்தாது என்பதைக் கேள்வியாகத் திருப்பிக் கொடுத்தார். துணி தராசுக்கு வராது என்றபோது புதிரின் முதல் அடி அவனுக்குத் துலங்கியது. கயிற்றை எறிவானேன் என்றபோது கடைசி அடி துலங்கியது. அவன் விடையைக் கேளாமல் விடையின் தன்மையைக் கேட்ட கணத்தில், அதற்காக அவனைப் பாராட்டிவிட்டு, ஒரே ஒரு சொல்லை மட்டும் குறிப்பாகத் தந்தார். அந்தச் சிறுமியின் சாமர்த்தியத்தையும் நாம் மறந்துவிடலாகாது. விடையைக் கண்டுபிடித்தது அவளே முதலில். தம்பி கண்டுபிடிக்கும்வரை அதைக் காத்து வைத்திருந்த பெருமிதமும் அவளுக்கே. பிற்பாடு அப்பத்தா அவளை அருகே இழுத்துத் தலையைத் தடவிக் கொடுத்தபோது அது எதற்காக என்பது இருவருக்கும் தெரிந்திருந்தது.

குறிப்புக் கொடுப்பது ஒரு கலை. புதிர் போடுவதைவிட அதுவே கடினம். விடையை நோக்கித் தள்ளுகிற குறிப்பு கெட்ட குறிப்பு. கேட்பவர் தாமே புதிரின் சொற்களுக்குத் திரும்பிப்போய் அவற்றை மறுபடி ஊன்றிப் பார்க்கும்படி செய்கிற குறிப்பே நல்லது. ஆகையால், குழந்தை திகைத்து நிற்கும்போது, புதிரை அப்படியே மெதுவாக இன்னொரு முறை சொல்லிப் பாருங்கள். பாதி வேளை அதுவே போதும். அதற்கும் அவிழாவிட்டால் எந்தச் சொல் இடறுகிறது என்று கேளுங்கள். அதற்குப் பின்னும் அவிழாவிட்டால், இரவு முழுதும் அப்படியே கிடக்கட்டும். விடையறியாமல் உறங்கப்போன புதிர், மறுநாள் பள்ளிக்கூட வழியிலோ பேருந்து நெரிசலிலோ தானாக அவிழ்ந்துகொள்ளும் இன்பத்தைக் குழந்தையிடமிருந்து பறிக்க நமக்கு உரிமை கிடையாது.

நம்முடைய மொழியில் இந்தச் செல்வத்துக்குப் பஞ்சமே இல்லை. தொல்காப்பியம் செய்யுளியலில் ‘பிசி’ என்ற பெயரால் இதை இலக்கிய வகைகளுள் ஒன்றாகவே வைத்து எண்ணுகிறது. ஒப்புமையைக் கொண்டு அமைவது, தோன்றுவதை விவரித்து அதனால் துணியவைப்பது என்று அதில் இருவகையும் காட்டுகிறது. தென்பாண்டிச் சீமையில் அழிப்பாங்கதை என்றும், யாழ்ப்பாணத்தில் நொடி என்றும் வழங்குவது இதுவே. வீட்டில் கையிருப்புத் தீர்ந்துபோனால் நீங்களே புனையலாம். கண்முன்னே இருக்கும் ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, அதில் ஒன்றுக்கொன்று முரண்பட்டது போலத் தோன்றும் இரண்டு குணங்களைத் தேடுங்கள். முரண் கிடைத்துவிட்டால் புதிர் பாதி முடிந்துவிட்டது. நான் புனைந்தது ஒன்று: “ஆயிரம் முடிச்சுப் போட்டாலும் அவளுக்கு அழகில்லை, அத்தனையும் அவிழ்த்த பின்புதான் அழகு, அவள் யார்?” இதற்கு விடையை நான் இங்கே எழுதப் போவதில்லை. மதுரைச் சௌராஷ்டிரக் குடும்பங்களில் பெண்களின் விரல்கள் தலைமுறை தலைமுறையாய் அறிந்த பொருள் என்ற குறிப்போடு நிறுத்திக்கொள்கிறேன்.

இனிச் சொற்புதிரை விட்டுக் கோலத்துக்கு வருவோம். மார்கழி மாதத்தில் மதுரை வீதிகளில் விடியற்காலையில் நடப்பவர், வாசல்தோறும் புள்ளி வைத்துச் சுற்றிய சிக்குக் கோலங்களைக் கண்டு, அழகு என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார். அவை ஒவ்வொன்றும் ஒரு புதிர் என்பதையும், அந்தப் புதிரில் அம்மாச்சியும் பேத்தியும் சமமாக உட்காரலாம் என்பதையும் நினைப்பவர் குறைவு. செய்து பார்க்க வேண்டிய முறை இது. சிமிட்டித் தரையில் சாக்கட்டியால் வரிசைக்கு நான்காக மூன்று வரிசைப் புள்ளிகள் வையுங்கள். கோடு எந்தப் புள்ளியின்மேலும் படாமல், அடுத்தடுத்த இரண்டு புள்ளிகளுக்கு நடுவே சாய்வாகக் குறுக்கே போய், ஓரத்துக்கு வந்ததும் வளைந்து திரும்பி, மறுபடி சாய்வாகவே ஓடட்டும். ஒவ்வொரு இடைவெளியிலும் இரண்டு கோடுகள் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ள வேண்டும். புறப்பட்ட இடத்துக்குத் திரும்பி வந்ததும் பாருங்கள்: எல்லாப் புள்ளியும் சுற்றப்பட்டிருக்கும், கையை எடுக்காமல் ஒரே இழையில் கோலம் முடிந்திருக்கும். அடுத்தபடியாக வரிசைக்கு மூன்றாக மூன்று வரிசை வைத்து அதே விதத்தில் சுற்றுங்கள். இம்முறை ஒரே இழையில் முடியாது. மூன்று தனித்தனி இழைகள் வேண்டும். இரண்டுக்கு இரண்டு என்றால் இரண்டு இழை. நான்குக்கு ஐந்து என்றால் ஒன்று. நான்குக்கு ஆறு என்றால் இரண்டு.

இங்கே நிறுத்திக்கொண்டு, ‘ஏன்?’ என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். கோலம் போட்டுத் தேர்ந்த மூதாட்டி, எந்தப் புள்ளிக் கணக்கில் இழை அறுபடும் என்பதைக் கைப்பழக்கத்தால் அறிந்திருப்பார். அதற்கு அவரிடம் விதி இராது. பள்ளிக்கூடத்தில் மீப்பெரு பொதுக் காரணி என்னும் கணக்கைச் சலிப்போடு போட்டுவந்த சிறுமிக்கு விதி தெரியும். அது எதற்கென்று தெரியாது. வரிசைகளின் எண்ணிக்கைக்கும் வரிசையிலுள்ள புள்ளிகளின் எண்ணிக்கைக்கும் உள்ள மீப்பெரு பொதுக் காரணி எதுவோ, அத்தனையே இழைகளின் எண்ணிக்கை. இதைச் சொல்லிக் கொடுத்தால் ஒரு நிமிஷத்தில் மறந்துவிடும். பத்துப் பன்னிரண்டு கோலங்களை வரைந்து, விரலால் இழையைத் தொடர்ந்து, எண்ணி, ஒரு தாளில் குறித்துவைத்து, இருவருமாகக் கண்டுபிடித்தால் ஆயுள் உள்ளளவும் மறக்காது. சென்னைத் தாம்பரத்திலுள்ள கிறித்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணியும் அவரோடு ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோரும் 1970-களில் கோலங்களைக் கணினிக் கணிதத்துக்கு உரிய பொருளாக எடுத்து ஆராய்ந்தபோது, உலகத்து அறிஞர்கள் வியந்து நோக்கியது நம் வாசல்களில் தினமும் மிதிபட்டு அழியும் இதே மாக்கோட்டைத்தான். தன் கைக்கோலத்துக்குள் பேத்தியின் கணக்குப் புத்தகம் இருக்கிறது என்று ஒரு மூதாட்டி அறிந்துகொள்ளும் வேளையில், அந்த வீட்டில் அவருடைய ஸ்தானமே மாறிவிடுகிறது. நான் இந்த ஒன்றை மற்ற எல்லாவற்றையும்விட அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். முதியோர்க்குப் புதிர் ஒரு மருந்தைப்போல வேளாவேளைக்குக் கொடுக்கப்பட வேண்டியதன்று. அவரிடமுள்ளதைக் கேட்டு வாங்கிக்கொள்வதற்கு அது ஒரு வழி.

கணக்குப் புதிர்களில், வயது வித்தியாசமின்றி எல்லோரும் ஒரே புதிரில் ஈடுபடக்கூடியதாக ஒன்றைத் தேர்ந்தெடுப்பது அவசியம். சிறியவனுக்கு ஒன்று, பெரியவளுக்கு ஒன்று என்று பிரித்துக் கொடுத்தால் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்துவிடுவார்கள். கூடியிருப்பதன் பயன் கெட்டுவிடும். அதற்கு ஏற்றதாக எனக்குத் தோன்றுவது இது. மாசி வீதியைப் போன்ற நீண்ட ஒரு தெருவில், ஒரே சிறகில் வீடுகளுக்கு ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாக இலக்கமிட்டிருக்கிறது. ஒருவர் தம் வீட்டுக்கு இடப்புறமுள்ள வீடுகளின் இலக்கங்களையெல்லாம் கூட்டினார், வலப்புறமுள்ளவற்றையும் கூட்டினார், இரண்டு தொகையும் சமமாக இருந்தன. தெருவில் எத்தனை வீடு? அவர் வீட்டு இலக்கம் என்ன? தெருவில் எட்டே வீடுகள் என்று சொல்லிவிட்டால் இரண்டாம் வகுப்புக் குழந்தையும் தீப்பெட்டிகளை வரிசையாக வைத்து, ஆறாம் இலக்கம் என்று கண்டுகொள்ளும்: ஒன்றிலிருந்து ஐந்துவரை பதினைந்து, ஏழும் எட்டும் பதினைந்து. நடுப்பிள்ளைக்கு 49 வீடுகள், விடை 35. வீடுகள் ஐம்பதுக்கு மேல், ஐந்நூறுக்குள் என்று மட்டும் சொல்லித் தந்தையாரிடம் விட்டால், அவர் இரவுச் சாப்பாட்டையும் மறந்து காகிதத்தை நிரப்பிக்கொண்டிருப்பார்; 288 வீடுகளில் 204-ஆம் இலக்கத்தை எட்டும்போது குழந்தைகள் அவரைச் சுற்றி நிற்பார்கள்.

இந்தப் புதிருக்கு ஒரு சரித்திரம் உண்டு. 1914-ஆம் ஆண்டு இறுதியில் லண்டனிலிருந்து வெளிவந்த ஸ்டிராண்ட் பத்திரிகையில் இது பெல்ஜியம் நாட்டு லூவேன் நகரத்துத் தெரு ஒன்றைப் பற்றியதாக வந்திருந்தது. கேம்பிரிட்ஜில் படித்துக்கொண்டிருந்த மஹலநோபிஸ், பிற்காலத்தில் இந்தியப் புள்ளியியல் கழகத்தை நிறுவியவர், சில நிமிஷங்களில் முயன்று பார்த்தே விடையைக் கண்டுவிட்டார். அப்போது அவர் போயிருந்தது சீனிவாச ராமானுஜனின் அறைக்கு. ராமானுஜன் அடுப்பில் காய்கறியைக் கிளறிக்கொண்டிருந்தார். புதிரைப் படித்துக் காட்டியதும், கரண்டியைக் கீழே வைக்காமலே, “எழுதிக்கொள்ளுங்கள்” என்ற பாவனையில் அவர் ஒரு தொடர்பின்னத்தைச் சொன்னார். எத்தனை வீடுகள் உள்ள தெருவானாலும் வரக்கூடிய எல்லா விடைகளும் அதில் அடங்கியிருந்தன. நம் வீடுகளில் எல்லோரும் ராமானுஜன் ஆகிவிடுவார்கள் என்று சொல்ல இதை எடுக்கவில்லை. ஒருவர் தட்டுத்தடவி விடையைக் கண்டார், மற்றவர் விதியைக் கண்டார். அந்த விதி தமக்கு எப்படித் தோன்றிற்று என்பதையும் ராமானுஜன் எதிரிலிருந்தவருக்கு எடுத்துச் சொன்னார். உங்கள் வீட்டிலும் விடை வந்தவுடன் ஆட்டம் முடிந்துவிட்டதாகக் கொள்ளாமல், ‘எப்படிப் போனாய், சொல்’ என்று ஒவ்வொருவரையும் கேளுங்கள். பாண்டியன் சபையில் தருமிக்கு விழுந்த கேள்வி அதுவே. வீட்டில் அதை அன்பாகக் கேட்டுப் பழக்கிவிட்டால், வெளியில் எவர் கேட்டாலும் குழந்தை கலங்காது.

சித்திரை, வைகாசியில் பலாப்பழம் வரும் நாட்களில் செய்து பார்க்கத்தக்க ஒன்றையும் இங்கே குறித்துவிடலாம். காரி நாயனார் இயற்றிய கணக்கதிகாரம் என்னும் பழந்தமிழ்க் கணித நூல், பழத்தை அறுக்காமலே சுளைகளைக் கணக்கிட ஒரு வழி சொல்கிறது. காம்பைச் சுற்றியுள்ள முட்களை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுக்க வேண்டும். வீட்டில் ஆளுக்கொரு தொகையை முன்கூட்டியே எழுதிவைத்துவிட்டு, பழத்தை அறுத்து, கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு, எல்லோருமாகச் சுளையை எண்ணுங்கள். கணக்கு பொருந்துகிறதா, எவ்வளவு விலகுகிறது, அடுத்த பழத்தில் என்ன ஆகிறது என்று விவாதம் எழும். நூலில் எழுதியிருப்பதையும் எண்ணிப் பார்த்தே ஏற்கவேண்டும் என்ற பாடம் தித்திப்போடு உள்ளே போகும்.

துண்டுப் படங்களைச் சேர்க்கும் விளையாட்டுக்கு, ஜிக்சா என்று கடைகளில் கேட்கப்படுவதற்கு, அதிக விலை கொடுத்து வாங்க வேண்டிய அவசியமில்லை. 1760-களில் லண்டனில் ஜான் ஸ்பில்ஸ்பரி என்னும் படக்காரர் முதலில் மரப்பலகையில் ஒட்டி அறுத்தது தேசப்படத்தையே. பிள்ளைகளுக்குப் பூகோளம் கற்பிக்கவே அது பிறந்தது. ஆகவே, மதுரை மாவட்டத்தின் படமொன்றைப் பழைய காலண்டர் அட்டையில் ஒட்டி, மேலூர், வாடிப்பட்டி, உசிலம்பட்டி, திருமங்கலம், பேரையூர் என்று வட்ட எல்லைகளின் வழியே கத்தரித்துக் கொடுங்கள். வைகை ஓடும் கோடு எந்தத் துண்டிலிருந்து எந்தத் துண்டுக்குப் போகிறது என்று பார்த்துப் பார்த்துக் குழந்தைகள் பொருத்துவார்கள். அத்தை வாக்கப்பட்ட ஊர் எந்தத் துண்டில் இருக்கிறது என்ற தகராறும் வரும்.

இவ்வகை விளையாட்டால் குழந்தைகளுக்கு விளையும் நன்மையை ஆய்வாளர்களும் கவனித்திருக்கிறார்கள். சிகாகோ பல்கலைக்கழகத்து உளவியலறிஞர் சூசன் லெவினும் அவருடைய சகாக்களும் 2012-இல் வெளியிட்ட ஆய்வில், 53 குழந்தைகளை அவர்கள் வீட்டிலேயே, இரண்டு வயது தொடங்கி நான்கு வயதுவரை பெற்றோரோடு பழகும்போது பதிவுசெய்து, நான்கரை வயதில் சோதித்துப் பார்த்தார்கள். துண்டுப் படங்களோடு விளையாடிய குழந்தைகள், உருவங்களை மனத்துக்குள்ளேயே திருப்பியும் நகர்த்தியும் பார்க்கும் திறமையில் மற்றவர்களைவிட மேம்பட்டிருந்தார்கள். விளையாட்டினால்தான் திறமை வந்ததென்று இதைக்கொண்டு சாதித்துவிட முடியாது. இயல்பிலேயே திறமையுள்ள குழந்தை விளையாட்டை அதிகம் நாடியும் இருக்கலாம். எனினும், அந்தப் பதிவுகள் யாவும் பெற்றோர் உடனிருந்த வேளையில், சாதாரணக் குடும்ப வாழ்க்கையின் நடுவில் எடுக்கப்பட்டவை என்பது நம் விஷயத்துக்கு மிகவும் நெருங்கிய செய்தி.

குறுக்கெழுத்தைப் பற்றியும் சொல்லாமல் விட முடியாது. 1913 டிசம்பர் 21-இல் நியூயார்க் வேர்ல்டு பத்திரிகையில் ஆர்தர் வின் அமைத்த கட்டத்தோடு பிறந்த இந்த வழக்கம், முப்பதுகளில் ஆனந்த விகடன் நடத்திய போட்டிகளின் மூலம் தமிழர் வீடுகளுக்குள் புகுந்தது. தமிழ்க் குறுக்கெழுத்தை வீட்டில் ஒரே தாளும் ஒரே பென்சிலுமாகப் போடுவதே உத்தமம். தாத்தாவுக்குப் பழஞ்சொல் தெரியும், பேரனுக்குச் சினிமாப் பெயர் தெரியும், இருவரும் இல்லாமல் கட்டம் நிரம்பாது. ஆனால் அந்த நாளையப் போட்டிகள் பரிசுப் பணத்தால் எப்படித் திரிந்தன என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். தொகை பெருகப் பெருக, நாடெங்கும் குறுக்கெழுத்து சூதாட்டத்தின் சாயலைப் பெற்று, 1955-இல் பாராளுமன்றம் பரிசுப் போட்டிகளுக்கென்றே சட்டம் செய்து, மாதத்துக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட பரிசைத் தடுக்க நேர்ந்தது. வீட்டிலும் அதே நியதிதான். புதிருக்குப் பரிசாகக் காசோ தின்பண்டமோ வைக்காதீர்கள். வைத்த மறுகணமே, விடை தெரிந்தவன் பொறுத்திருக்க மாட்டான்; தெரியாதவன் கேள்வி கேட்க மாட்டான்.

அதனினும் கொடியது ஒப்பிட்டுப் பேசுவது. “உன் தம்பி சொல்லிட்டான் பாரு, நீ முழிக்கிற” என்று ஒருமுறை சொல்லிவிட்டால், அந்தப் பிள்ளை அதன் பிறகு புதிர் என்றாலே தண்ணீர் குடிக்கும் சாக்கில் எழுந்து போய்விடும். விருந்தாளி வந்திருக்கும்போது குழந்தையை நிறுத்திவைத்து, “மாமாவுக்கு அந்தக் கணக்கைச் சொல்லிக் காட்டு” என்பதும் அவ்விதமே தவிர்க்கத்தக்கது. கைபேசியைப் பொறுத்தவரை, புதிர் நடக்கும் நேரத்தில் அதை அடுத்த அறையில் வைத்துவிடுவதே நலம். அதில் விடை ஒரு நொடியில் கிடைத்துவிடும். அப்படிக் கிடைத்த விடையோடு நிற்பவனின் நிலைமையை இந்த அத்தியாயத்தின் தொடக்கத்தில் பார்த்தோம்.

எந்த நேரம் ஏற்றது என்று கேட்பவர்கள் உண்டு. நாளும் மணியும் குறித்து, வகுப்பைப் போல நடத்த முற்பட்டால் ஒரு வாரத்துக்குமேல் ஓடாது. நாம் கூடி வேலை செய்யும் வேளைகளே இதற்கு உகந்தவை: அவரை உரிக்கும்போது, பூத் தொடுக்கும்போது, அரிசியில் கல் பார்க்கும்போது, கை வேலையில் இருக்க, மனம் ஓய்வாக இருக்கும் நேரங்கள். கத்திரி வெயில் காலத்தில் மொட்டை மாடியில் பாய் விரித்துப் படுத்திருக்கும் இரவுகளும், மின்சாரம் நின்றுபோன மாலைகளும் தாமாகவே வாய்ப்பவை. கடையை அடைத்துவிட்டுப் பத்து மணிக்குமேல் வீடு திரும்பும் தந்தையோ, இரவுப் பணிக்குச் செல்லும் தாயோ உள்ள குடும்பங்களில், அவர்கள் பங்கு கெட்டுவிடாமலிருக்க, அன்றைய புதிரை ஒரு துண்டுத் தாளில் எழுதிச் சாப்பாட்டுத் தட்டின் அருகே வைத்துவிடலாம். அவர்கள் விடையைக் காலையில் சொல்லட்டும். அதுவரை பிள்ளைகள் வாய் திறவாமலிருக்க வேண்டும். வாய் திறவாமலிருப்பதில் அவர்களுக்குள்ள உற்சாகத்தைக் கண்டு நீங்களே ஆச்சரியப்படுவீர்கள்.

இன்னும் ஒரு காரியம் செய்யுங்கள். எண்பது பக்க நோட்டு ஒன்றை வாங்கி, அப்பத்தா, அம்மாச்சி, ஊரிலிருந்து எப்போதாவது வந்துபோகும் பெரியம்மா, சின்னையா எல்லோரும் சொல்லும் விடுகதைகளைப் பிள்ளைகள் கையாலேயே எழுதச் சொல்லுங்கள். சொன்னவர் யார், அவர் அதைச் சிறுவயதில் எந்த ஊரில் யாரிடம் கேட்டார், சொல்லும்போது என்ன சொல் மாற்றினார் என்பவற்றையும் அந்தந்த விடுகதைக்குக் கீழே குறிக்கட்டும். அலங்காநல்லூரில் ஒரு விதமாகவும் மேலூரில் வேறு விதமாகவும் ஒரே விடுகதை வழங்குவது அப்போது வெளிப்படும். அவர்கள் பேசுகிற படியே எழுத வேண்டும். இலக்கண சுத்தமாகத் திருத்த வேண்டாம். விடைகளை மட்டும் நோட்டில் எங்கேயும் எழுத வேண்டாம். வேண்டியவர்கள் சொன்னவரிடமே போய்க் கேட்டுக்கொள்ளட்டும்.